அகதியாய் வந்தவர்களின் பிள்ளைகள் எப்படி மேலே வந்தார்கள்? வாழ்த்து மடல் வேண்டாம், பதில் வேண்டும்

ஸ்காபரோ_ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக வாசிக்க மட்டும் வந்துபோகிறவள். இன்றைக்குத்தான் முதல்முறை இழை திறக்கிறேன்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறேன். போன கிழமை ஆசிரியர் அறையில் புதிதாக வந்த துணை அதிபர் கேட்டார்: "உங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் அகதியாக, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள். இன்றைக்கு மருத்துவர், வழக்கறிஞர், அமைச்சர் என்று நிற்கிறார்கள். என்ன ரகசியம்?" நானும் சிரித்துக்கொண்டே "அம்மா அப்பாதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரில் ஏறியதிலிருந்து அந்தப் பதில் நெருடிக்கொண்டே இருக்கிறது. பொய் சொல்லவில்லை, ஆனால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டையே எடுங்கள். அப்பா 1989இல் வந்தார், நாங்கள் 1991இல். எனக்கு ஆறு வயது. இரண்டு படுக்கையறை உள்ள அப்பார்ட்மென்டில் ஒன்பது பேர். அப்பா பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், பின்னேரம் இன்னொன்றில். விடியப்புறம் மூன்றரைக்குப் பேப்பர் போடப் போவார். சனி, ஞாயிறில் நானும் தம்பியும் கூடப் போவோம். வானின் பின்பக்கம் குந்தியிருந்து பேப்பரைச் சுருட்டி ரப்பர் வளையம் போடுவது எங்கள் வேலை. கையுறையோடு வளையம் ஏறாது, வெறுங்கையால் செய்தால் விரல் விறைத்துப்போகும். திங்கட்கிழமை வகுப்பில் என் நகக்கண் எல்லாம் மை. கை கழுவிக்கொண்டு வா என்று ரீச்சர் அனுப்புவார். கழுவுவேன். போகாது.

அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரில் இன்று ஒருத்தி ஆசிரியை, ஒருவன் மருந்தாளர், ஒருத்தி தாதி. வறுமையில் வளரும் பிள்ளை படிப்பில் பின்தங்கும் என்றுதான் ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். என் வகுப்பறையிலும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறேன். அப்படியென்றால் குடியேறிகளின் பிள்ளைகளில் இத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்டியது எப்படி? உங்கள் வீட்டுக் கதையோடு சொல்லுங்கள்.


வடலி_வளவு:

சகோதரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்லூரி. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. 1848இல் ஆறுமுக நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை. மழையை நம்பி விதைக்கிற காய்ந்த மண், படித்தால்தான் உத்தியோகம், உத்தியோகம் கிடைத்தால்தான் சீவியம். இதை நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறோம். 1970களில் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டிய தரப்படுத்தல் கொண்டுவந்து பல்கலைக்கழகக் கதவைச் சாத்தினார்கள். 1981இல் யாழ் நூலகத்தை எரித்தார்கள். தடுக்கத் தடுக்க வெறி கூடியது. அந்த வெறியோடு விமானம் ஏறியவர்களின் பிள்ளைகள் படிக்காமல் என்ன செய்வார்கள்? கல்வி எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. துணை அதிபருக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.


கூட்டல்_கழித்தல்:

அக்கா, நான் ஈழத்தமிழன் இல்லை. சென்னையில் வளர்ந்து நியூஜெர்சியில் குப்பை கொட்டுகிறவன். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு ஆய்வை விரும்பிப் படித்தேன், அதனால் மூக்கை நுழைக்கிறேன்.

ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்டன் என்ற பொருளியலாளர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து 2021இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் ஒரு வீட்டில் சிறுபிள்ளையாக இருக்கும் மகனைப் பிடித்து, அதே ஆள் முப்பது வருடம் கழித்து என்ன ஆனான் என்று தேடி இணைத்திருக்கிறார்கள். 1880 கணக்கெடுப்பில் ஆரம்பித்து நம் காலம் வரைக்கும், லட்சக்கணக்கான அப்பா-மகன் ஜோடிகள். வருமான வரிசையில் நூற்றுக்கு 25ஆவது இடத்தில் இருக்கும் இரண்டு அப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர், ஒருவர் அங்கேயே பிறந்தவர். இருவருக்கும் ஒரே ஏழ்மை. ஆனால் குடியேறியவரின் மகன்தான் அதிகம் ஏறுகிறான். நூறு வருடத்துக்கு முன் வந்த இத்தாலியர் வீட்டிலும் அதே கதை, நம் காலத்தில் வந்த மெக்சிகோக்காரர், டொமினிக்கன் குடியரசுக்காரர் வீட்டிலும் அதே கதை.

வடலி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வட்டுக்கோட்டை செமினரியை எட்டிக்கூடப் பார்க்காத சிசிலித் தீவு விவசாயியின் மகனும் ஏறியிருக்கிறான் என்றால் இரத்தத்தை வைத்து எப்படிக் கணக்கை முடிப்பது?

அவர்கள் காட்டும் காரணங்களில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்று இடம். குடியேறி வருகிறவனுக்குப் பூர்வீக வீடு, தோட்டம், தாத்தா கல்லறை எதுவும் அங்கே இல்லை. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போய் இறங்குகிறான். பழைய காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் தெற்குப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை, வடக்கு நகரங்களுக்குத்தான் போனார்கள். ஒரே ஊரில் வளர்ந்த பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டால் அந்தக் காலத்து வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது, அப்பாவின் சம்பளம் அப்பாவின் அளவு இல்லை. மொழி தெரியாததால், பட்டம் செல்லாததால், அவர் தன் திறமைக்குக் கீழே எங்கோ ஒரு படியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். காகிதத்தில் ஏழை. மகன் ஏறுகிறான் என்பதில் ஒரு பங்கு, அப்பா ஏற்கனவே இருந்திருக்க வேண்டிய படிக்குத் திரும்பிப் போவதுதான்.


பாண்_பேக்டரி_மாஸ்டர்:

நியூஜெர்சித் தம்பி சொன்ன இரண்டாவது காரணம் நான்தான்.

ஊரில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்குத் தூய கணிதமும் பிரயோக கணிதமும் படிப்பித்தேன். 1988இல் இங்கே வந்தேன். பத்தொன்பது வருடம் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. வரிப் படிவத்தில் மணிக்கு ஆறு டொலர் தொழிலாளி. என் மகளின் பள்ளிக் கோப்பில் 'குறைந்த வருமானக் குடும்பம்' என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். எழுதினவரில் பிழை இல்லை. ஆனால் அந்த வீட்டில் இரவு பத்து மணிக்கு வேலைக்கு இறங்கும்வரை, வகையீடும் தொகையீடும் தெரிந்த ஒருவன் சாப்பாட்டு மேசையில் இருந்தான் என்பது கோப்பில் இல்லை.

பாண் தட்டுகளுக்கு நடுவில் வைக்கும் மட்டைகளைத் தொழிற்சாலையில் எறிந்துவிடுவார்கள். ஒரு பக்கம் வெள்ளை, நல்ல வழவழப்பு. கட்டிக்கொண்டு வருவேன். சனிக்கிழமை காலை பேஸ்மென்டில் அதில்தான் கணக்கு. தொடங்கும்போது என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும். ஒரு வருடத்தில் பதினான்கு பேர். வீட்டில் எட்டுக் கதிரைதான் இருந்தது. காசு வேண்டாம், பிள்ளைக்கு ஒரு கதிரை கொண்டு வாருங்கள் என்றேன். தாய்மார் மடக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். அவர்களில் சிலர் ஐந்தாம் வகுப்புத் தாண்டாதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும்தான் மேலே வந்தார்கள். ஆகவே படித்த தகப்பன் இருக்கிற வீடு என்று மட்டும் சொன்னால் போதாது. படித்த ஒருவன் அதே கட்டடத்தில் இருந்தால் அது கொஞ்சம் மற்றக் கதவுகளுக்குள்ளும் போகும்.

இன்னொன்று, பட்டமளிப்பு விழாக்களில் 'தியாகம்' என்று பேசும்போது எனக்குக் கூசும். மற்ற நேரம் எல்லாம் நான் ஒரு எண். அந்தச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் 'மாஸ்டர்'. யாருக்கு யார் உதவி செய்தது?


ஈஸ்ட்ஹாம்_எட்டாம்_இலக்கம்:

மாஸ்டர் அண்ணைக்கு வணக்கம். உங்கள் கதைக்குப் பிறகு எதிர்த்து எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வென்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் 'எப்படி வென்றார்கள்' என்று கேட்கிறோம். என் ஒன்றுவிட்ட தம்பி லண்டனில் பெற்றோல் நிலையத்து இரவு வேலைக்காரரின் மகன். சித்தப்பா மாலை ஆறுக்குப் போனால் காலை ஏழுக்கு வருவார், சித்தி அலுவலகம் துப்புரவாக்கப் போவார். வீட்டில் பெரிய ஆள் என்றால் அவன்தான், பன்னிரண்டு வயது. பள்ளியில் அடித்தார்கள், அடிக்காமல் இருக்க ஒரு கூட்டத்தோடு சேர்ந்தான், பிறகு அந்தக் கூட்டம் அடித்தது. தமிழ்ப் பொடியள் தமிழ்ப் பொடியளையே வாளால் வெட்டிக்கொண்ட காலம் அது. ரொறன்ரோவிலும் தொண்ணூறுகளில் அதே கூத்து நடந்தது, ரீச்சர் அக்காவுக்குத் தெரியாமல் இருக்காது. அவன் ஆறு வருடம் உள்ளே இருந்தான். இவனும் அதே பெற்றோரின் தியாகத்தில் வளர்ந்தவன்தான். கோயில் மண்டபத்தில் பட்டமளிப்புப் படங்கள் ஓடும்போது இவனை நினைத்துக்கொள்வேன்.

அமைச்சர் என்றீர்கள். ஹரி ஆனந்தசங்கரி பத்து வயதில், 1983இல் தாயோடு கனடா வந்தவர் என்பது உண்மை. தகப்பனார் அதே வருடம்வரை கிளிநொச்சி நாடாளுமன்ற உறுப்பினர். குறை சொல்லவில்லை, ஆனால் அதைக் 'கையில் ஒன்றுமில்லாமல்' என்ற கணக்கில் சேர்க்க முடியாது. நோர்வேயில் கம்சி குணரட்ணம் மூன்று வயதில் வந்து 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021இல் நாடாளுமன்றம். சந்தோசம். ஆனால் கொடியேற்ற ஒருவரைக் காட்டினால் மீதிப்பேரின் நிலை தெரியாது.

இடம் என்று சொன்னதற்கு மட்டும் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். தொண்ணூறுகளில் உள் லண்டன் பள்ளி என்றாலே இங்கிலாந்தில் முகத்தைச் சுளிப்பார்கள். 2003இல் 'லண்டன் சாலஞ்ச்' என்று ஒரு திட்டம் வந்தது. சில வருடங்களில், இலவச மதிய உணவு வாங்கும் லண்டன் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளில் உள்ள ஏழைப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்யத் தொடங்கினார்கள். பள்ளி திருந்தியதால் பிள்ளைகள் முன்னேறினார்களா, குடியேறிகளின் பிள்ளைகள் நிறைந்ததால் பள்ளி முன்னேறியதா என்று இங்கே இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். என் தங்கை அந்த வருடங்களில் படித்தாள். தம்பி அதற்கு முன்னால் படித்து முடித்துவிட்டான். ஏழு வருட வித்தியாசம்.


வடலி_வளவு:

விதிவிலக்குகளைப் பிடித்துக்கொண்டு இனத்தின் பெருமையைக் குறைக்க வேண்டாம். சிசிலிக்காரன் ஏறட்டும், சந்தோசம். எங்கள் தாய்மார் பிள்ளைகளின் புள்ளிகளைப் பார்த்த மாதிரி வேறு யார் பார்த்தார்கள்? 92 எடுத்தால் மீதி எட்டு எங்கே என்று கேட்ட சனம் நாங்கள்.


ஸ்காபரோ_ரீச்சர்:

வடலி அண்ணா, மீதி எட்டு எங்கே என்று கேட்ட ஆளை எனக்கும் தெரியும். என் அம்மம்மா. அந்தக் கேள்வியை அவர் இரண்டு மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த இரண்டு மகள்களின் கதையைத்தான் துணை அதிபரிடம் சொல்லாமல் வந்தேன்.

என் அம்மாவுக்கு ஒரு அக்கா, எனக்குப் பெரியம்மா. சாவகச்சேரிப் பக்கம் ஒரே வளவு, ஒரே கிணறு. அம்மாவிடம் தாலிக்கொடியும் சீதனமாய் வந்த இரண்டு பரப்புக் காணியும் இருந்தன. அவற்றை விற்றும் ஈடு வைத்தும்தான் அப்பா வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டினார். பெரியம்மா வீட்டில் விற்க ஒன்றும் இருக்கவில்லை. 1990இல் வள்ளம் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு உள்ளே ஒரு மாவட்டத்து முகாம். இன்றைக்கும் அங்கேதான்.

பெரியம்மாவின் மூத்த மகன் எனக்கு ஒரு வயது மூப்பு. படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரன், இதை அம்மாவே சொல்வார். பத்துக்குப் பத்து அடி அறையில், தெருவிளக்கில் படித்து, தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் முடித்தான். முதல் வகுப்பு. அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வுகள். எல்லாம் நன்றாகப் போகும், கடைசியில் குடியுரிமைச் சான்று என்று ஒரு வரி வரும். முகாம் அட்டையை எடுத்து நீட்டினால் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். அண்ணா இன்றைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார். வேலை எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் 'செக்கிங்' நாளில் முகாமுக்கு வந்து தலையைக் காட்ட வேண்டும். ஒருமுறை போனில் நான் அழுதபோது சொன்னார்: "தங்கச்சி, டிஸ்டெம்பர் அடிக்கவும் சதுர அடிக் கணக்கு வேணும். என்னைவிடச் சரியாச் சொல்ல இந்த ஊர்ல ஆள் கிடையாது."

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரிசி, மாதப்பணம், கல்லூரிக்கு உதவி எல்லாம் வருகிறது. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரையும் மாற்றினார்கள். ஆனால் 2019இல் டில்லியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது என் பக்கம். அப்பாவின் அகதி வழக்கு ஏற்கப்பட்டது. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். பிறகு நிரந்தர வதிவிடம், மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பம். எனக்குப் பதினெட்டு வயதில் பல்கலைக்கழகக் கடனுக்கு ஓசாப் படிவம் நிரப்பினேன். குடியுரிமை என்று ஒரு சின்னக் கட்டம். பேனாவால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அண்ணாவின் முழு வாழ்க்கையும் அந்தக் கட்டத்துக்குள் நிற்கிறது.

ஒரே அம்மம்மா, ஒரே கேள்வி, ஒரே இரத்தம். எனக்கு ஓட வழி இருந்தது. அண்ணா ஓடி முடித்த பிறகும் ஓடவில்லை என்று எழுதிவிட்டார்கள்.


வடலி_வளவு:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, தங்கச்சி. என் மாமா குடும்பமும் திருச்சிப் பக்கம் முகாமில் இருந்தது. நாங்கள் அவர்களுக்குப் பணம் அனுப்பினோமே தவிர, இப்படி அருகருகே வைத்துப் பார்த்ததில்லை.


பேர்ன்_பொடியன்:

பொடியன் என்று பெயர் வைத்தபோது பதினெட்டு வயது, இப்போது நாற்பத்தொன்று. மாற்ற முடியவில்லை, மன்னிக்கவும்.

சுவிஸில் கதவு முழுதாகச் சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை. எங்களுக்கு எஃப் அட்டை, தற்காலிக அனுமதி. தற்காலிகம் என்று சொல்லிச் சொல்லியே பதினொரு வருடம் போனது. ஆறாம் வகுப்பில் எங்கள் வகுப்பு எல்லை தாண்டி ஜெர்மனியில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனது. எஃப் அட்டையோடு நினைத்தபடி நாட்டைவிட்டுப் போய்த் திரும்ப முடியாது, தனியாக அனுமதி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கடிதம் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் போய் உட்காரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு ரீச்சர் பாவம், எனக்கு உலக வரைபடம் நிறம் தீட்டக் கொடுத்தார்.

படிப்பு விஷயத்தில் இங்கே முறையே வேறு. பதினைந்து, பதினாறு வயதில் பிரித்துவிடுவார்கள். ஐந்தில் ஒருவர் அளவுதான் கிம்னாசியம் முடித்து நேரே பல்கலைக்கழகம். மீதிப்பேரில் அனேகமானோர் 'லேர', அதாவது மூன்று நான்கு வருடம் சம்பளத்தோடு தொழில் பழகுவது. எங்கள் வீட்டில் அது செத்தவீடு மாதிரி. 'கம்பஸ் போகமாட்டானாம்' என்று அம்மா ஒரு கிழமை ஒருவரிடமும் தொலைபேசியில் கதைக்கவில்லை. அப்பா உணவகக் குசினியில் பதினைந்து வருடம் நின்றவர், அவர்தான் சொன்னார்: கையில் தொழில் இருந்தால் யாரும் 'அட்டையைக் காட்டு' என்று கேட்பதற்கு முன் 'எப்போது வரலாம்' என்று கேட்பான்.

நான் மின்னியல் பழகினேன், வேலை செய்துகொண்டே தொழில்சார் மத்தூரா (தொழில் பழகியவர்களுக்கான உயர்கல்வித் தகுதி), பிறகு தொழில்நுட்ப உயர்கல்லூரி. இன்றைக்கு ரயில் சமிக்ஞை வேலை. என்னோடு கிம்னாசியம் போன தமிழ்ப் பிள்ளைகளைவிட நான் பின்தங்கவில்லை. பல்கலைக்கழகத்தை மட்டும் 'மேலே' என்று எண்ணும் பழக்கத்தால், இங்கே முதியோர் இல்லங்களில் தாதியாக, வங்கிக் கிளையில் முகாமையாளராக இருக்கும் நூறு பேரை நாங்களே கணக்கில் விட்டுவிடுகிறோம்.


கண்ணாடி_வளையல்:

நான் இங்கேயே பிறந்தவள், மிசிசாகா. தமிழ் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா திருத்தித் தந்தார். (அம்மா கீழே எழுதினதை வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.)

எல்லோரும் எப்படி ஏறினோம் என்று சொல்கிறீர்கள். எவ்வளவுக்கு ஏறினோம் என்றும் ஒருவர் சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது. அம்மாவோடு மருத்துவமனைக்குப் போனேன், வழக்கம்போல மொழிபெயர்க்க. வங்கி, வீட்டுக்காரர், தண்ணீர்க் கட்டணம் எல்லாம் நான்தான் பார்ப்பேன், பெருமையாகவும் இருக்கும். அன்றைக்கு டொக்டர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார். பயோப்சி என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் அவர் முகம் விளங்கியது. "சதையில கொஞ்சம் எடுத்துப் பாப்பினமாம், பயப்பிடாதையாம்" என்று சொன்னேன். பயப்படாதே என்று டொக்டர் சொல்லவே இல்லை. அதை நான் சேர்த்தேன். ஒன்றுமில்லை என்று இரண்டு கிழமை கழித்துத் தெரிந்தது. அந்த இரண்டு கிழமையும் அம்மா நித்திரை கொண்டார், நான் கொள்ளவில்லை.

இதையெல்லாம் பிறகு பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டுரையில் 'பொறுப்புணர்வு' என்று எழுதினேன். வேலை செய்தது. உயிரியல் படித்தேன், ஏனென்றால் மருத்துவம் போக வேண்டும். மூன்று முறை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைக்காததை அம்மாவிடம் எட்டு மாதம் சொல்லவில்லை. காலையில் பை தூக்கிக்கொண்டு நூலகத்தில் போய் இருந்தேன். இப்போது காப்புறுதி நிறுவனத்தில் தரவு வேலை, நல்ல சம்பளம், பிடித்தும் இருக்கிறது. உறவினர் கேட்டால் அம்மா இன்னும் "மெடிக்கல் லைன்" என்றுதான் சொல்கிறார்.


பாண்_பேக்டரி_மாஸ்டர்:

பிள்ளை, பயப்படாதே என்று நீங்கள் சேர்த்த அந்த ஒரு சொல்லை இரண்டு முறை வாசித்தேன். என் மகளும் எனக்கு எத்தனையோ கடிதம் வாசித்துக் காட்டினாள். எதைச் சேர்த்தாள், எதை விட்டாள் என்று நான் கேட்டதே இல்லை.


கூட்டல்_கழித்தல்:

அந்த ஆய்வில் ஒரு விதிவிலக்கையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஈஸ்ட்ஹாம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் உறுத்தியது. நம் காலத்துக் கணக்கில் ஜமைக்கா, ஹைட்டி, டிரினிடாட் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களின் மகன்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை. அவர்களின் பெற்றோரும் கடல் தாண்டி வந்தவர்கள்தான், இரண்டு வேலை பார்த்தவர்கள்தான்.


ஸ்காபரோ_ரீச்சர்:

அதற்கு விளக்கம் என் பள்ளித் தாழ்வாரத்திலேயே இருக்கிறது. ஒன்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளை 'அகடமிக்', 'அப்ளைட்' என்று இரண்டாகப் பிரித்துவந்தார்கள். அப்ளைட் போனால் பல்கலைக்கழகக் கதவு பெரும்பாலும் சாத்தியதுதான். கணக்கில் 2021இலும் மற்றப் பாடங்களில் 2022இலும்தான் அதை நிறுத்தினார்கள். அதுவரை அப்ளைட் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் கறுப்பினப் பிள்ளைகள் அவர்களின் எண்ணிக்கைக்கு மீறி இருப்பார்கள். நானே எட்டாம் வகுப்பில் கணக்கில் 61 எடுத்தவள். 'தமிழ்ப் பிள்ளை, பிடித்துக்கொள்வாள்' என்று ரீச்சர் அகடமிக் போட்டார். என் பக்கத்தில் இருந்த ஜமைக்கன் பையனுக்கு 64. அவனுக்கு அப்ளைட் போட்டார். நல்ல மனிசி, அவவிடம் கேட்டால் இருவருக்கும் நல்லதுதான் செய்தேன் என்பார். அந்த 61ஐ இத்தனை வருடத்தில் வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குக் கணக்கு ரீச்சர்!


ஈஸ்ட்ஹாம்_எட்டாம்_இலக்கம்:

சரி, துணை அதிபருக்கு இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?


நெறியாளர்:

சாதி, ஊர் குறித்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். முகாம்களில் படிக்கும் பிள்ளைகளுக்கான உதவி பற்றிக் கேட்டவர்கள் தனி இழை திறக்கவும், இங்கே வங்கி எண் போட வேண்டாம்.


ஸ்காபரோ_ரீச்சர்:

ஈஸ்ட்ஹாம் தம்பி, அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி வளையல் எழுதியதை வாசித்த அடுத்த நாள் வேறு ஒன்று நடந்தது.

என் முதல் பாட வகுப்பில் ஒரு ஆப்கான் பையன், வந்து ஒன்றரை வருடம். கிழமையில் இரண்டு நாள் பிந்தி வருவான், நானும் பிந்தியது என்று குறித்துக்கொண்டே வந்தேன். எத்தனை முறை குறித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன், பதினேழு. வகுப்பு முடிந்து கூப்பிட்டு, "அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போகிறாயா?" என்று கேட்டேன். எப்படித் தெரியும் என்பதுபோலப் பார்த்தான். தாய்க்குச் சிறுநீரக வருத்தம், காலையில்தான் கிளினிக்.

கிளினிக்குக்கு நானே தொலைபேசினேன். நான்கு முறை வேறு வேறு ஆளிடம் மாற்றிவிட்டார்கள். கடைசியில் வந்தவர், தொலைபேசி வழியாக அவர்கள் பேசும் தாரி மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் எடுக்கலாம், முதல் நாளே கேட்டால் போதும் என்றார். ஒன்றரை வருடமாக ஒருவரும் கேட்கவில்லையாம். வியாழக்கிழமை எட்டரைக்குப் பதிந்திருக்கிறேன். தாய் சம்மதித்துவிட்டார். பையனுக்குத்தான் தயக்கம், அந்த ஆள் சரியாகச் சொல்வாரா என்று.

மாஸ்டர், ஒரு உதவி. அவன் பின்னங்களில் நிறைய விட்டுவிட்டான். சனிக்கிழமை வகுப்பு இப்போதும் நடக்கிறதா?


பாண்_பேக்டரி_மாஸ்டர்:

நிறுத்தி ஆறு வருடம். கண் ஒன்றில் சத்திரசிகிச்சை, ஆனால் கணக்குத் தெரியும் அளவுக்குத் தெரிகிறது. மட்டைகள் இன்னும் ஒரு கட்டு இருக்கின்றன. பையனை அனுப்புங்கள். பஸ் இலக்கத்தைத் தனிச்செய்தியில் தருகிறேன். கதிரை கொண்டுவரத் தேவையில்லை, ஏழு மடக்குக் கதிரைகளை அப்போதே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.